காப்புக்காடும் ஊர்க்காடும்

இந்தியாவின் முதல் வனப் பாதுகாவலர் ஒரு போலீஸ் அதிகாரி. 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் வாட்சன் என்பவரை மலபார் காடுகளுக்குக் கன்சர்வேட்டராக நியமித்தது. பதவியின் பெயர்தான் பாதுகாவலர். வேலையோ, கப்பல் கட்டும் துறைகளுக்குத் தேக்கு தட்டுப்பாடில்லாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. நெப்போலியனோடு போர் நடந்த காலம் அது. இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே, தேக்கின் மீதான உரிமை கம்பெனிக்கே உரியது, அனுமதியில்லாமல் யாரும் வெட்டக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. மரம் மலிவாகக் கிடைத்தது உண்மை. ஆனால் காட்டின் உடைமையாளர்களான ஜன்மிகளும் மர வியாபாரிகளும் கொதித்துப்போனார்கள். 1823இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்தார். அரசே காட்டைக் காப்பது என்ற ஏற்பாடு நம் பகுதியில் முதன்முறை பதினேழு ஆண்டுகளில் முடிந்துபோனது இப்படித்தான். இரண்டாம் முறை அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் வாட்சனைவிடப் படித்தவர்கள், தொலைநோக்குள்ளவர்கள். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் எஞ்சியிருக்கும் காட்டில் ஒரு பகுதிக்கேனும் நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் கண்டறிந்ததில் ஒரு பாதியைத்தான் அரசு எடுத்துக்கொண்டது. மறுபாதி கோப்புகளுக்குள் புதைந்தது. காட்டை ஒட்டி வாழும் ஊருக்குக் காட்டில் பங்கு கொடுக்காமல் காட்டைக் காக்க முடியாது என்பதே அந்த மறுபாதி. ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் அதைத்தான் மெய்ப்பித்திருக்கிறது.

வாட்சனின் பதவி போனபின் மலபாரில் நடந்ததை முதலில் பார்க்க வேண்டும். அரசுக் காப்புக்கு ஆதரவாகப் பேசுபவர்களுக்கு அதுதான் முதல் சான்று. கட்டுப்பாடு விலகியதும் வியாபாரிகள் மரத்தை வெட்டித் தள்ளினார்கள். கப்பலுக்கான தேக்கு ஆற்றோரங்களில் அரிதாகி, உள்காடுகளுக்குப் போனால்தான் கிடைக்கும் என்ற நிலை வந்தது. 1840களின் தொடக்கத்தில் மலபார் கலெக்டர் ஹென்றி கொனோலி ஒரு புது யோசனை செய்தார்: வெட்டியதற்கு ஈடாக நட்டால் என்ன? நிலம்பூரில் காட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வேலை தொடங்கியது. தொடக்கத்தில் எல்லாம் தோல்விதான். தேக்குக் காயின் உள்ளோடு கல்லைப் போன்றது. மண்ணில் தூவிவிட்டால் முளைத்துவிடாது. விதையை ஊறவைத்து, நாற்றங்காலில் முளைக்கவிட்டு, மழை பிடித்ததும் பிடுங்கி நடுவது என்ற முறை பல தவறுகளுக்குப் பின்னரே கைவந்தது. அதை நிலத்தில் செய்து காட்டியவர் துணைக் கன்சர்வேட்டராக இருந்த சாத்து மேனோன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தேக்குக் கன்றுகள் அவர் மேற்பார்வையில் நடப்பட்டன. 1846இல் நட்ட மரங்களில் சில நிலம்பூரின் கொனோலி தோட்டத்தில் இன்றும் நிற்கின்றன. உலகின் பழமையான தேக்குத் தோட்டங்களில் அது ஒன்று. அறுவடை செய்ய அறுபது, எழுபது ஆண்டு பிடிக்கும் ஒரு பயிரைத் தனியார் யாரும் போடத் துணியமாட்டார்கள், அரசுதான் போட முடியும் என்ற வாதத்துக்கு நிலம்பூர் நல்ல எடுத்துக்காட்டாக அமைந்தது.

ஆனால் மரத்துக்காக மட்டும் காடு வேண்டும் என்ற எண்ணத்தை மாற்றியவர்கள் மருத்துவர்கள். கம்பெனியின் மருத்துவர்கள் தாவரவியலும் படித்தவர்கள். பஞ்சத்தையும் காய்ச்சலையும் நேரில் கண்டவர்கள். எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர். உயிரியல் பூங்காவைத் தொடங்கியவரும் அவரே. மரங்களுக்கும் மழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் 1849இல் சென்னையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பம்பாய் மாகாணத்தில் அலெக்சாண்டர் கிப்சன் என்ற மருத்துவர் 1847இல் வனக் கன்சர்வேட்டரானார். சென்னையிலேயே 1820இல் பிறந்து, எடின்பரோவில் படித்துத் திரும்பிய ஹியூ கிளெகார்ன் மைசூர் நாட்டின் சிமோகாவில் பணியாற்றியபோது காடழிவைக் கவனித்தவர். வெப்பமண்டலக் காடுகள் அழிந்தால் என்ன ஆகும் என்று ஆராய பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் 1850இல் ஒரு குழு அமைத்தது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கையை உருவாக்கியதில் முதன்மையானவர் கிளெகார்ன். மலைக்காடு போனால் ஓடை வற்றும், மண் அரித்து ஆற்றில் சேரும், சமவெளியில் பாசனம் கெடும் என்பது இவர்கள் வாதம். காடு மழையை வரவழைக்கிறது என்று அவர்கள் சொன்னதில் மிகை இருந்தது. மண்ணையும் நீரையும் பிடித்துவைக்கிறது என்றது பெரிதும் சரியாகவே இருந்தது. வருமானக் கணக்கு மட்டும் பார்த்த ஓர் அரசுக்கு, காட்டின் பயன் மலைக்குக் கீழேயுள்ள வயலில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னது அவர்களுடைய பெரிய தொண்டு.

அந்தப் பேச்சுக்கு அரசு காது கொடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் 1856 ஜூலையில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு கிளெகார்னைச் சென்னை மாகாணத்தின் வனக் கன்சர்வேட்டராக நியமித்தார். ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 சிலீப்பர் கட்டைகள் வேண்டும். மழையும் கரையானும் தின்ற கட்டைகளைச் சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். எஞ்சினுக்கு விறகு தனி. ஒப்பந்தக்காரர்கள் பாதையோரக் காடுகளில் புகுந்தார்கள். கிளெகார்ன் 1858இல் ஆனைமலையின் உயர்ந்த தொடர்களில் பயணம் போனார். நீலகிரி, மலபார், கனரா என்று சுற்றி எழுதியவற்றை 1861இல் தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூலாக வெளியிட்டார். அதில் ஒப்பந்தக்காரர்களின் வெட்டையும் கண்டித்தார்; மலைமக்கள் காடெரித்துப் புனம் போடும் குமரி சாகுபடியையும் கண்டித்தார். இரண்டில் எதற்கு உடனே கட்டுப்பாடு வந்தது என்பது கவனிக்க வேண்டியது. முன் அனுமதியில்லாமல் குமரி போடக்கூடாது என்ற தடை அவர் முயற்சியால் வந்துவிட்டது. ரயிலோ நீண்டுகொண்டே போனது. கிளெகார்ன் நேர்மையானவர்தான், ஆனால் அவர் கையில் இருந்த அதிகாரம் எளியவனை மட்டுமே தடுக்கக்கூடியதாக இருந்தது. பிற்கால வனக் கொள்கையின் குறைக்கு இங்கேயே விதை விழுந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் டீட்ரிக் பிராண்டிஸ் வருகிறார். ஜெர்மனியின் பான் நகரில் 1824இல் பிறந்த தாவரவியலாளர். 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்றார். காட்டில் எத்தனை தேக்கு நிற்கிறது என்று தெரியாமல் எத்தனை வெட்டலாம் என்று சொல்ல முடியாதல்லவா? மூங்கில் புதர் அடர்ந்த அந்த மலைகளில் நோட்டுப் புத்தகம் வைத்துக் குறிக்க வழியில்லை. பிராண்டிஸ் யானைமேல் ஏறிக்கொண்டு, இடக்கையில் நான்கு குச்சிகளும் வலக்கையில் பேனாக்கத்தியுமாகப் போனார். ஒவ்வொரு குச்சியும் ஒரு பருமன் வகுப்பு. பாதையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரத்தில் தேக்கு தென்பட்டால், அதன் பருமனுக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணினால் அன்றைய கணக்கு. பெரிய மரங்கள் எத்தனை, அந்த இடத்தைப் பிடிக்க வளர்ந்துவரும் மரங்கள் எத்தனை என்று இதிலிருந்து கண்டு, ஆண்டுக்கு இவ்வளவுதான் வெட்டலாம் என்று வரம்பு வைத்தார். அதோடு, காடெரித்துப் பயிர் செய்த கரேன் மக்களை விரட்டாமல், அவர்கள் புனத்திலேயே நெல்லோடு தேக்கையும் நடச் செய்து கூலி கொடுத்தார். கிளெகார்ன் தடுக்கப் பார்த்ததை பிராண்டிஸ் பயன்படுத்தப் பார்த்தார். 1864இல் இந்திய வனத்துறை உருவானபோது அதன் முதல் தலைமை அதிகாரி அவரே. 1883 வரை நீடித்தார். 1905இல் உருவான அமெரிக்க வனப் பணித்துறையின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ, மாணவராக ஐரோப்பா போனபோது பான் நகரில் முதிய பிராண்டிஸிடம் வழிகாட்டல் பெற்றவர். பர்மாவில் குச்சியில் செதுக்கிய கணக்கின் படிப்பினை இப்படிக் கடல் கடந்தது.

1865இல் வந்த முதல் வனச் சட்டம் அரைகுறையானது. அதைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு 1870களில் பெரிய விவாதமானது. ஒரு பக்கம் பேடன்-பவல் போன்ற அதிகாரிகள். அவர்கள் வாதம் இது: இந்நாட்டில் காடு என்றுமே அரசனுக்குச் சொந்தம், ஊரார் விறகு பொறுக்கியதும் மாடு மேய்த்ததும் அரசன் கண்டுகொள்ளாமல் விட்ட சலுகை, உரிமையல்ல, ஆகவே காடு முழுவதையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கம் சென்னை அரசு நின்றது. ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு இம்மாகாணத்தில் அநேகமாக இல்லை, ஊராரின் அனுபோகம் உரிமையே என்று வருவாய் வாரியம் பதில் எழுதியது. அரசுக்கென்று காடு இந்நாட்டில் முன்பு இருந்ததில்லை, தானாக வளர்ந்த காட்டை மக்கள்தான் அனுபவித்து வந்தார்கள் என்று நெல்லூரின் துணை கலெக்டர் நாராயண ராவ் எழுதினார். பூனா சார்வஜனிக் சபா என்ற அமைப்பு, மக்களை ஒதுக்கும் சட்டத்தைவிட மரம் வளர்க்க அவர்களை ஊக்குவிக்கும் ஏற்பாடே நல்லது என்று வாதிட்டது. பிராண்டிஸ் நடுவில் நின்றார். நாட்டுக்கு இன்றியமையாத காடுகளை அரசு வைத்துக்கொள்ளட்டும். ஊருக்கு வேண்டிய காட்டை ஊரிடமே ஒப்படைத்து, ஐரோப்பாவில் நடப்பதுபோல் ஊர்க்காடாக நடத்தச் செய்யட்டும் என்றார். 1878 சட்டத்தில் காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, ஊர்க்காடு என்று மூன்று வகையும் இடம்பெற்றன. நடைமுறையில் வளர்ந்தது முதல் வகை. மூன்றாவது ஏட்டோடு நின்றது. நூற்றாண்டு முடிவதற்குள் நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வனத்துறையின் கீழ் வந்துவிட்டது.

எதிர்த்து நின்ற சென்னையும் கடைசியில் இறங்கிவந்தது. பிராண்டிஸ் நேரில் வந்து ஆலோசனை சொல்ல, 1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. அந்தப் பயணங்களில் அவர் பார்த்தவற்றில் முக்கியமானவை அன்றைய சேலம் மாவட்ட மலைகளின் கோயில் காடுகள். ஏலகிரியின் சாமி சோலையையும், ஜவ்வாது மலைப் புதூரின் காட்டையும், சேர்வராயன் மலையில் உள்ளவற்றையும் பின்னாளில் பெயர் சொல்லி எழுதினார். சட்டமோ வனக் காவலரோ இல்லாமல் ஊர்க்கட்டுப்பாட்டினாலேயே காடு நிலைத்திருந்தது அவருக்குப் பெரிய சான்றாகப் பட்டது. ஆனால் சட்டத்தின் நடப்பு வேறு திசையில் போனது. ஏருக்கும் நுகத்தடிக்கும் கட்டை, வயலுக்குத் தழை, மாட்டுக்கு மேய்ச்சல், அடுப்புக்குச் சுள்ளி எல்லாவற்றுக்கும் இனி பர்மிட்டு, இல்லையேல் அபராதம். மலைகளையெல்லாம் வனத்துறை வளைத்துக்கொண்டதால் குடியானவனின் ஆடு மாடு நிற்க இடமில்லை என்று மகாத்மா ஜோதிராவ் புலே 1883இல் எழுதிய நூலில் சாடினார். பத்தாண்டு கழித்து, இந்திய வேளாண்மையை ஆராய வந்த வேதியியலாளர் வோல்கர், விறகு கிடைக்காததால் எருவாக வேண்டிய சாணம் அடுப்பில் எரிகிறது, வனத்துறை முதலில் விவசாயிக்குப் பயன்பட வேண்டும் என்று அரசிடமே அறிக்கை கொடுத்தார். சென்னை அரசு அமைத்த வனக் குழு 1913இல், ஊரை ஒட்டிய சிறு காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் விடலாம் என்றது. அது ஓரளவு நடந்தது. ஆனாலும் நிர்வாகத்தின் மைய நீரோட்டத்துக்கு வரவேயில்லை.

ஊருக்குக் காட்டில் பங்கு வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அரசு கையில் எடுக்காமல் விட்டிருந்தால் இன்று காடே இருந்திருக்காது. 1823க்குப் பின் மலபாரில் நடந்ததே சாட்சி என்பார்கள். இது பாதி சரி. காப்புக்காடு என்ற எல்லை இல்லாதிருந்தால் காப்பியும் தேயிலையும் இன்னும் எவ்வளவு சோலையை விழுங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மலபாரில் மரத்தை வெட்டியது ஊர்ச் சமூகம் அல்ல. ஜன்மியிடம் வாங்கிய வியாபாரி வெட்டினான். வாங்கியது பெரும்பாலும் கப்பல் துறை. தனியார் வசம் காடு அழியும் என்பதற்கு அது சான்றாகும். ஊர் வசம் அழியும் என்பதற்கு ஆகாது. அரசின் கையில் இருந்தால் அழியாது என்பதும் உறுதியில்லை. இரண்டு உலகப் போர்களிலும் காப்புக்காடுகளிலிருந்து வரம்பு மீறி மரம் போனது. நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்த புல்வெளியைத் தரிசு என்று எண்ணி, விறகுக்காகத் தைல மரமும் சீகை மரமும் நட்டார்கள். ஊற்றுகளுக்கு நீர் சேர்த்துவைத்த புல்வெளி சுருங்கியது. இன்று வனத்துறையே சீகையை அகற்றப் பாடுபடுகிறது. விடுதலைக்குப் பிறகு வட கன்னடத்தின் தாண்டேலியில் அமைந்த காகித ஆலைக்கு ஒரு டன் மூங்கில் ஒன்றரை ரூபாய்க்குப் போனது, கூடை முடைபவர்களோ சந்தையில் பல நூறு மடங்கு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்று சூழலியலாளர் மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத காவலன் கையில் எந்தச் சொத்தும் இப்படித்தான் கரையும்.

இரண்டாவது மறுப்பு, ஊரார் மட்டும் யோக்கியமா என்பது. ஊராரும் வெட்டியிருக்கிறார்கள், திருடியிருக்கிறார்கள், தீ வைத்திருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. எப்போது என்று கேட்டால் விடை துலங்கும். இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலைகளில் 1921இல் மக்கள் பெருந்தீ மூட்டினார்கள். அது ஊரிடமிருந்து காட்டை அரசு காப்புக்காடாக எடுத்த பத்தாண்டுக்குள். எரிந்ததில் பெரும்பகுதி பிசினுக்காக வளர்த்த பைன் காடு. அரசு இறங்கிவந்து, 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகளைப் போட்டது. உத்தராகண்டில் இன்றும் ஆயிரக்கணக்கான வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. நேபாளம் இன்னும் தெளிவான பாடம். 1957இல் அந்நாடு தனியார் காடுகளை அரசுடைமையாக்கியது. யாருக்கும் சொந்தமில்லாததுபோல் ஆன காடு வேகமாக மெலிந்தது. 1993 சட்டத்தின் மூலம் ஊர்க் குழுக்களிடம் காட்டைக் கொடுத்தார்கள். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வின்படி, 1992இல் நிலப்பரப்பில் 26 விழுக்காடாக இருந்த காடு 2016இல் 45 விழுக்காடாகியது. இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் மலையில் ஏர் ஓய்ந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் வயல் தரிசானால் காடு தானாக வந்துவிடாது. மேய்ச்சலை நிறுத்தி, காவல் முறை வைத்து, இளங்கன்றைக் காக்க ஒரு குழு இருந்தால்தான் வரும்.

மூன்றாவது மறுப்பைத் தள்ளிவிட முடியாது. யானைக்கும் புலிக்கும் ஊர் எல்லை தெரியாது. ஒரு சமவெளி நகரத்தின் குடிநீர் நூறு கிலோமீட்டர் தள்ளிய மலையில் பிறக்கிறது. இவற்றை ஒரு கிராம சபை தன் நலம் மட்டும் பார்த்துத் தீர்மானிக்கலாமா? கூடாதுதான். இதற்கு விடை பிராண்டிஸின் மூன்று வகைப் பிரிவிலேயே இருக்கிறது: எல்லாக் காடும் ஒன்றல்ல. ஆற்றின் தலைப்பகுதியும் விலங்குகளின் உள்காடும் அரசின் பொறுப்பில் இருக்கட்டும். ஊரை ஒட்டிய காடு ஊரின் பொறுப்பில் இருக்கட்டும். மத்திய அரசும் நீதிமன்றமும் தலையிட்டதால் தப்பிய காடுகள் உண்டு. கூடலூர் காடுகள் அழிவதைக் கண்டு நிலம்பூர் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996இல், யார் உடைமையானாலும் காடு காடே என்று சொல்லி, நாடு முழுவதும் வெட்டுக்குக் கடிவாளம் போட்டது. ஆனால் அரசே காட்டைக் கொடுக்கத் தயாராக இருந்த இடமும் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கேட்டபோது, பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மலை நின்றது. ஊரைத் திருத்த அரசும், அரசைத் திருத்த ஊரும் வேண்டும். இருவரில் ஒருவரை மட்டும் நம்பிய ஏற்பாடு எங்கும் நெடுநாள் நிலைக்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த மறுபாதியை மீட்டெடுக்கும் முயற்சி. தனிமனிதனுக்குப் பட்டா கொடுப்பதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் ஊர் மரபாகக் காத்துவந்த காட்டைத் தொடர்ந்து காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள சமூக உரிமைதான் அதன் உயிர்ப்பகுதி. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் பல ஆண்டுகள் முடங்கி, 2016இல் தடை நீங்கிய பிறகே பட்டா வழங்குவது நகரத் தொடங்கியது. சமூக உரிமை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. அதைக் கொடுத்தால் காடு போய்விடும் என்ற அச்சம் துறைக்குள்ளும் வெளியிலும் பலருக்கு உண்டு. 1878இலும் இதே அச்சம்தான் வென்றது. அதன் விலையை நம் காடுகளும் காட்டோர ஊர்களும் கொடுத்தன. முன்னோடிகளை மதிப்பதென்றால் அவர்கள் போட்ட வேலியை மட்டும் காப்பது போதாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்தக் காடு யானைக்கும் ஆற்றுக்கும் உரியது, எது ஊருக்கு உரியது என்று பிரித்து, ஊருக்குரியதைக் கணக்குக் கேட்கும் உரிமையோடும் காக்கும் கடமையோடும் ஊரிடம் ஒப்படைப்பதுதான் அவர்கள் விட்ட வேலையை முடிப்பதாகும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை நடப்புக்குக் கொண்டுவந்தால் போதும்.